வழித்தடத்துக்கு வாடகை யார் கொடுப்பது?

2023 மே 27, சனிக்கிழமை காலை. கம்பத்திலிருந்து அம்மா போன் பண்ணினார். "தம்பி, ஊருக்குள்ள ஆனை வந்துருச்சுடா. வெளிய வராதீகன்னு மைக்ல சொல்லிட்டுப் போறாக." நான் பெங்களூரில் இருந்தேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் நிறைய வீடியோ. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிய ஒரு கொம்பன், சின்ன வயதில் நான் சைக்கிள் ஓட்டிய ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஜனக் கூச்சல். ஒரு ஆட்டோ நொறுங்கியது. அன்று காயம்பட்டவர்களில் ஒருவர் சில நாளில் இறந்துபோனார். கம்பத்தில் 144 தடை போட்டார்கள்.

அது அரிக்கொம்பன். அரிசி தேடி ரேஷன் கடையை உடைக்கிற யானை என்பதால் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் மக்கள் வைத்த பெயர். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். நான்கே வாரத்தில் அது மலை இறங்கிக் கம்பம் வந்துவிட்டது. ஜூன் 5 அதிகாலை தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையில் கோதையாறு மேல்பக்கம் கொண்டுபோய் விட்டது.

அந்த வாரம் முழுக்க எல்லாரும் யானையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு நிலத்தைப் பற்றித்தான் யோசனை ஓடியது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன். அன்றிலிருந்து வார இறுதிகளில் வழித்தடம் பற்றிய அறிக்கைகளை உட்கார்ந்து படித்துவருகிறேன். நான் வனவிலங்கு ஆய்வாளன் இல்லை. பி.இ. எலெக்ட்ரிகல் படித்து சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். அதனால் இதை ஒரு சாதாரண வாசகனின் விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அறிக்கைகள்

முதலாவது, இந்திய வனவிலங்கு அறக்கட்டளையின் 'ரைட் ஆஃப் பாசேஜ்'. 2005-இல் 88 யானை வழித்தடங்களோடு வந்தது. 2017-இல் விரிவான இரண்டாம் பதிப்பு, 101 வழித்தடங்கள். இரண்டாவது, 2014-இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் சேர்ந்து போட்ட புலி வழித்தட அறிக்கை. அதில் 32 பெரிய இணைப்புகள்; நம்ம பக்கத்தில் பெரியாறு–களக்காடு முண்டந்துறை இணைப்பு அதில் ஒன்று. மூன்றாவது, 2023-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட யானை வழித்தட அறிக்கை. இதில் 15 மாநிலங்களில் 150 வழித்தடங்கள்.

குறை சொல்வதற்கு முன் மரியாதையைச் சொல்லிவிடுகிறேன். இவை பல வருடம் காட்டில் நடந்து, சாணம் பார்த்து, கால்தடம் அளந்து, கிராமத்தில் கேட்டு எழுதியவை. 'ரைட் ஆஃப் பாசேஜ்' இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு எண் முகத்தில் அறையும். 2005-இல் ஒரு கிலோமீட்டரோ அதற்குக் கீழோ அகலம் கொண்ட வழித்தடங்கள் 45.5 சதவீதம். 2017-இல் அது 74 சதவீதம். பன்னிரண்டு வருடத்தில் பாதை இவ்வளவு சுருங்கியிருக்கிறது. மனிதக் குடியிருப்பே இல்லாத வழித்தடங்கள் ஐந்தில் ஒன்றுதான்.

88, 101, 150 என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதையும் கவனிக்க வேண்டும். காடு பெருகியதால் இது கூடவில்லை. முன்பு ஒரே காடாக இருந்தது துண்டானால், துண்டுகளுக்கு நடுவே 'வழித்தடம்' என்று ஒன்று புதிதாகப் பிறக்கிறது. யானைகள் புதுப் பகுதிகளுக்குப் போவதும், கணக்கெடுப்பு நுணுக்கமானதும் மற்ற காரணங்கள். எப்படியிருந்தாலும், வழித்தடம் அதிகமாகிறது என்பது நல்ல செய்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உடைந்த சட்டியில் ஒட்டு எத்தனை என்று எண்ணுகிற கணக்கு அது.

கோடு எப்படி வருகிறது

எலெக்ட்ரிகல்காரனுக்கு இந்த இடம் ருசியானது. புலி அறிக்கையின் அடிப்படை, குறைந்த செலவுப் பாதை. நிலப்பரப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு 'தடை' எண் கொடுக்கிறார்கள். அடர்காட்டுக்குக் குறைவு, வயலுக்கு அதிகம், ஊருக்கு இன்னும் அதிகம். பிறகு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு மொத்தத் தடை குறைவான பாதையைக் கணினி கண்டுபிடிக்கிறது. கூகுள் மேப் டிராஃபிக்கைத் தவிர்த்து வழி சொல்வது மாதிரிதான்.

இதே வேலைக்கு 'சர்க்யூட்ஸ்கேப்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது நிலத்தை ஒரு மின்சுற்றாகவே பார்க்கிறது. ஒரு காட்டில் கரண்டை விட்டு இன்னொரு காட்டில் எடுத்தால், குறுகலான இடத்தில் கரண்ட் நெரிசலாகப் பாயும். அந்த நெரிசல் புள்ளியில் அடைப்பு விழுந்தால் மொத்தத் தொடர்பும் போச்சு. காலேஜில் ஓம் விதி படித்தபோது அது யானைக்கும் உதவும் என்று யாரும் சொல்லவில்லை.

நானும் ஒரு தீபாவளி லீவில் செயற்கைக்கோள் நில வரைபடத்தை இறக்கிக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓட்டிப் பார்த்தேன். விளையாட்டுதான், ஆய்வு கிடையாது. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு என்ன எண் கொடுப்பது? அங்கே மேலே பெரிய மரங்கள், கீழே ஏலச் செடி, நடுவில் ஆட்கள், நாய், ஜீப். காடு என்று எண்ணினால் கோடு தோட்டம் வழியாக நேராகப் போகிறது. தோப்பு என்று எண்ணினால் மலைச்சரிவின் விளிம்புக்கு ஒதுங்குகிறது. ஒரு எண்ணை மாற்றினால் கோடு மாறுகிறது. கோடு மாறினால் யாருடைய பட்டா நிலம் அதில் வருகிறது என்பதும் மாறுகிறது. அந்த எண்ணை எப்படி முடிவு செய்தார்கள் என்பதைக் கோட்டின் மேல் இருக்கிற விவசாயிக்கு அவர் மொழியில் யார் விளக்கப் போகிறார்கள்?

2024-இல் தமிழ்நாடு வனத்துறை 42 யானை வழித்தடங்களோடு வரைவு அறிக்கை வெளியிட்டபோது நீலகிரிக் கூடலூரில் (நம்ம தேனி கூடலூர் இல்லை) எதிர்ப்பு கொதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். கருத்துச் சொல்லக் கிடைத்த அவகாசம் சில நாட்கள்தான்.

நம்ம பள்ளத்தாக்கின் அமைப்பு

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் ஊர்க்கதை. கம்பம் பள்ளத்தாக்கு ஒரு குதிரை லாடம். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். மேற்கே ஏலமலை. தெற்கே லோயர் கேம்ப், குமுளிப் பக்கம் இரண்டும் பெரியாற்றுக் காட்டில் சேருகின்றன. நடுவில் 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் செழித்த வயல், தென்னை, வாழை, கல்தூண் பந்தலில் பன்னீர் திராட்சை.

லாடத்தின் கிழக்குக் கைக்கு அரசு கவனம் கிடைத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். மேற்குக் கைதான் சிக்கல். மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டம், கீழே தமிழ்நாட்டுப் பக்கம் வயல், நடுவில் செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற காடு. வடக்கே மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா, வெறும் 12.82 சதுர கிலோமீட்டர். அதற்கும் பெரியாற்றுக்கும் நடுவே இருக்கிற இணைப்பு இந்தச் சரிவுதான்.

பொட்டிப்புரம்: தடுக்கத் தெரிந்த வரைபடம்

இந்தச் சரிவைத் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாக்கியது நியூட்ரினோ ஆய்வகம். முதலில் நீலகிரியில் சிங்காராவில் வருவதாக இருந்தது. முதுமலைக்குப் பக்கம், யானை நடமாடும் இடம் என்று 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. மாற்றாகச் சுருளியாறு பேசப்பட்டது, அங்கேயும் காடு. கடைசியில் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம், அம்பரப்பர் மலை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கப் பாதை, உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, அந்த மலை மதிகெட்டான்–பெரியாறு புலி வழித்தடத்தில் வருகிறது, அங்கே அனுமதிக்க முடியாது என்று சொன்னது.

நான் அப்போது ஆய்வகத்தின் பக்கம். நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். கதிர்வீச்சு வரும், அணை உடையும் என்று பரவிய பல பயங்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வழித்தட வாதம் வேறு வகை. அது எனக்கு நியாயமாகவே பட்டது. பெருங்கட்டுமானம் என்றால் லாரி, வெடி, ரோடு, விளக்கு, பல வருடம். அகலம் குறைந்த ஒரு சரிவில் அதைத் தாங்க மாட்டார்கள் புலிகள். அந்த ஒரு விஷயத்தில் நான் மனம் மாறினேன்.

மாறியபிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. பெரிய திட்டத்தைத் தடுத்தாயிற்று. சரி, அந்த வழித்தடத்தை இனி யார் பார்த்துக்கொள்வது? ஆய்வகம் வராததால் மட்டும் புலி நடந்துவிடுமா? மலையடிவாரத்தில் ஒரு தோப்பு பிளாட்டாகிறது. இன்னொன்றில் மின்வேலி. ஒன்றில் பண்ணை வீடு, இரவெல்லாம் விளக்கு. இதில் எதுவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை. 1,500 கோடித் திட்டத்தை நிறுத்துகிற வரைபடத்துக்கு மூன்று ஏக்கர் மின்வேலியை நிறுத்தத் தெரியாது.

சட்டமும் இதே குணம்தான். 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், புலிகள் காப்பகங்களையும் காப்பகங்களை இணைக்கும் நிலங்களையும் கேடான பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்கிறது. பொதுநலன் இருந்து, தேசிய வனவிலங்கு வாரியம் சம்மதித்தால் விதிவிலக்கு. அந்த வாசகத்தின் வினைச்சொல் 'மாற்றாதே' என்பது. 'வாங்கு', 'வாடகை கொடு', 'பராமரி' என்ற வினைச்சொற்கள் அதில் இல்லை. யானை வழித்தடத்துக்கு இந்த அளவுகூடச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. சிகூர் வழக்கைப் பாருங்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு அறிவிக்கை, 2011-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பத்து வருடம் ஓடிப்போனது. யானை அதுவரை காத்திருக்காது.

பணம் இருக்கிறது, வேறு இடத்தில்

"அரசிடம் பணம் இல்லை" என்பது இதற்குப் பொருந்தாது. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்ட வேண்டிய இழப்பீட்டுத் தொகைக்கு 2016-இல் தனிச் சட்டமே வந்தது. காம்பா நிதி என்பார்கள். 2019 ஆகஸ்டில் மட்டும் மத்திய அரசு அதிலிருந்து மாநிலங்களுக்கு மாற்றிய தொகை 47,436 கோடி ரூபாய். ஆனால் இந்தப் பணம் எப்போது பிறக்கிறது? காடு பறிபோகும்போது. துண்டாக்கினால் நிதி வரும். துண்டாகாமல் வைத்திருந்தால் வராது. வந்த பணத்திலும் மரம் நடுவதே கண்ணுக்குத் தெரிகிற செலவு. நட்ட கன்றுக்கு எண்ணிக்கை உண்டு, போட்டோ உண்டு. யானை தொந்தரவில்லாமல் கடந்துபோன ஒரு இரவுக்கு என்ன போட்டோ எடுப்பது?

புலிகள் காப்பகத்தின் உட்பகுதியிலிருந்து தாமாக வெளியேறும் குடும்பங்களுக்கு 10 லட்சமாக இருந்த தொகை 2021-இல் 15 லட்சம் ஆனது. அது உட்பகுதிக்கு. இரண்டு காப்பகங்களுக்கு நடுவே, பட்டா நிலத்தில், ஊரை விட்டுப் போகாமல் விலங்குக்கு வழி விட்டு வாழ்கிறவருக்கு அதில் இடமில்லை. நம் சிந்தனையில் இரண்டே பெட்டிகள்: ஆளைக் கிளப்பு, அல்லது அப்படியே விடு.

கிளப்பாமல் முடியாத இடமும் உண்டு. வயநாட்டில் திருநெல்லி–குத்ராகோட்டு வழித்தடத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடைகளோடு, குடியிருந்தவர்களின் சம்மதத்தோடு நிலம் வாங்கி, மாற்று வீடு கட்டிக் கொடுத்து, 2015-இல் வழித்தடத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. பேசி, நம்பிக்கை சம்பாதித்து முடிக்கப் பல வருடம் ஆனது. நல்ல முன்மாதிரிதான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சை, திராட்சைத் தோட்ட விலைக்கு அதையே எல்லா இடத்திலும் செய்ய எந்த அறக்கட்டளையாலும் முடியாது.

எதிர்ப்பக்கக் கதை அரிக்கொம்பனுடையது. சின்னக்கானல் 301 காலனி, 2000-களின் தொடக்கத்தில் நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசே நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடம். யானை நடமாடும் நிலம் என்று தெரிந்தே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2023-இல் கேரள உயர் நீதிமன்றம்கூட அந்தக் குடியேற்றத்தைத்தான் கேள்வி கேட்டது. இலவசமாகக் கொடுத்த நிலத்துக்கான பில் இருபது வருடம் கழித்து மயக்க ஊசியாக, கும்கியாக, லாரியாக, கம்பத்தில் ஒரு உயிராக வந்தது. கட்டியது, நிலம் ஒதுக்கியவர்கள் இல்லை.

கோஸ்டா ரிகா ஒரு வழி காட்டுகிறது, முழு வழி இல்லை

கோஸ்டா ரிகா 1996-இல் சட்டம் போட்டு, 1997 முதல் காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு வருடாவருடம் பணம் கொடுக்கிறது. நிதியின் முக்கிய ஊற்று பெட்ரோல், டீசல் மீதான வரியில் ஒரு பங்கு. ரோடு காட்டை வெட்டுகிறது, ரோட்டில் ஓடும் வண்டி அதற்குக் கட்டணம் கட்டுகிறது. லாஜிக் சுத்தம்.

குறையும் உண்டு. ஆரம்ப வருடங்களில், எப்படியும் வெட்டியிருக்க மாட்டாத செங்குத்து நிலங்களுக்கே நிறையப் பணம் போனது என்று அங்கேயே விமர்சனம் எழுந்தது. அதாவது நெரிசல் புள்ளிக்குப் போகாமல், விண்ணப்பம் போடத் தெரிந்தவருக்குப் போனது. நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். பெரிய எஸ்டேட் முதலாளி முதல் வரிசையில் நிற்பார்; தினமும் விடியக் காலை ஜீப்பில் மலை ஏறுகிற ஏலத்தோட்டக் கூலிக்கும், வனச் சேகரிப்பில் வாழ்கிற பளியர் குடும்பத்துக்கும் ஒன்றும் வராது. வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியதை முடிக்காமல் வழித்தடப் பணம் பேசுவது அநியாயம்.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது ஊகக் கணக்கு, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். 20 கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம் என்று ஒரு அடிவாரப் பட்டையை வைத்துக்கொள்வோம். 10 சதுர கிலோமீட்டர், சுமார் 2,470 ஏக்கர். 'மரத்தை வெட்ட மாட்டேன், பிளாட் போட மாட்டேன், மின்வேலி போட மாட்டேன்' என்ற ஒப்பந்தத்துக்கு ஏக்கருக்கு வருடம் 12,000 ரூபாய். மொத்தம் வருடத்துக்கு மூன்று கோடிக்குள். பயிர்ச் சேத ஈடு இதற்கு வெளியே, உடனுக்குடன். பொட்டிப்புரத்துக்கு ஒப்புதலான 1,500 கோடியில் இது 500 வருட வாடகை. அறிவியலுக்கான பணத்தைக் காட்டுக்கு மாற்றச் சொல்லவில்லை, அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.

மூன்று ஏக்கர்

இனி சொந்தக் காரணம். தேனி கூடலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர். இலவமும் மாவும். சில வருடம் யானை வரும், சில வருடம் வராது. போன பொங்கலுக்குப் போனபோது சித்தப்பா ஒருவரை அழைத்து வந்திருந்தார். பண்ணை வீடு போட நிலம் தேடுகிறவர். அவர் சொன்ன தொகை, இலவம்பஞ்சு விற்று எங்கள் ஆயுளில் பார்க்க முடியாதது.

நான் வழித்தடம், இணைப்பு என்று ஆரம்பித்தேன். சித்தப்பா முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆனை நடக்கட்டும்ப்பா, நான் வேணாம்ங்கல. எங்க அய்யா காலத்துலயும் நடந்துச்சு. ஆனா ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆனையா வந்து மொய் எழுதப்போகுது? நடக்குற பாதைக்கு வாடகைய யார் குடுக்குறான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

மூன்று அறிக்கைகளையும் மறுபடி புரட்டினேன். அகலம், நீளம், யானை எத்தனை தடவை கடக்கிறது, என்ன அச்சுறுத்தல், எல்லாம் இருக்கிறது. சித்தப்பா கேட்டதற்குப் பதில் சொல்கிற ஒரு பக்கத்தை எடுத்து அவர் முன் வைக்க என்னால் முடியவில்லை. அடுத்த பதிப்பு எழுதப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒவ்வொரு வழித்தடத்துக்கும் கீழே ஒரு வரி சேருங்கள். இதைத் தக்கவைக்க வருடத்துக்கு எவ்வளவு, யாருக்கு, எந்தக் கணக்கிலிருந்து. அந்த வரி இல்லாத வரை இது வரைபடம் மட்டுமே.

நிலத்தை இப்போதைக்கு விற்கவில்லை. நான் பெங்களூர்ச் சம்பளத்தில் சித்தப்பாவின் பங்குக்கு வருடம் ஒரு தொகை அனுப்புகிறேன். அவர் அதைக் குத்தகை என்கிறார். சரியான சொல்தான். ஆனால் பக்கத்துத் தோப்பில் போன மாதம் கல் ஊன்றிவிட்டார்கள்.